மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீட்டிலும் எரிய வேண்டிய டார்ச் லைட்: தொடக்கநிலையினருக்கான தேர்வு முறை

பிள்ளையார் நோன்புக்காகக் காரைக்குடிக்கு அருகிலுள்ள எங்கள் பூர்வீக வீட்டுக்கு வந்து சேர்ந்த ஓர் இரவில், முகப்பைத் திறந்த சில நிமிடங்களிலேயே மின்சாரம் நின்றுவிட்டது. நடு முற்றத்தைச் சுற்றிய வளவைக் கடந்து, வீட்டின் அடுத்த பகுதியான இரண்டாம் கட்டு அலமாரியைத் தடவித் திறந்தபோது அங்கே மூன்று டார்ச் லைட்டுகள் இருந்தன, மூன்றுமே கைவிட்டன. சுவரில் செருகிச் சார்ஜ் செய்யும் வகையைச் சேர்ந்த முதலாவது, ஏழு மாதம் தொடப்படாமல் கிடந்து செத்துப்போயிருந்தது. அப்பத்தா காலத்து எவர்சில்வர் டார்ச்சுக்குள் பேட்டரிக் கட்டைகள் பூத்து, குழாயோடு ஒட்டிக்கொண்டிருந்தன. பெட்டியில் அச்சிட்டிருந்த பெரிய எண்ணை நம்பி இணையத்தில் வாங்கிய மூன்றாவது, பத்து நிமிடம் எரிந்து, கையில் சுட்டு, மங்கிவிட்டது.

எது அதிகமாக ஒளிரும் என்பதை முதல் கேள்வியாக வைத்ததே எங்கள் தவறு. அவசரத்துக்கான விளக்கு தன் ஆயுளின் பெரும்பகுதியைச் சும்மா கிடந்தே கழிக்கிறது. ஆகவே, பல மாதங்கள் கழித்து எடுக்கும்போது எது எரியும் என்பதிலிருந்தே தேர்வைத் தொடங்க வேண்டும்.

முதல் படி: தேவையை எழுதிக்கொள்ளுங்கள்

வீட்டுக்குள் நடமாடுவதற்கும், தோட்டத்திலோ ஊரணிக் கரையிலோ நடப்பதற்கும், நாள்கணக்கில் நீளும் மின்தடையைச் சமாளிப்பதற்கும் வேண்டிய ஒளி ஒன்றல்ல. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து உள்நாட்டுக்குள் புகுந்தபோது, புதுக்கோட்டை மாவட்டத்தின் பல ஊர்கள் பல நாள்கள் மின்சாரம் இல்லாமல் கிடந்தன. அத்தகைய நாள்களில் ஊரையே வெளிச்சமாக்கும் விளக்கைவிட, குறைந்த ஒளியில் பல இரவுகள் எரியும் விளக்கே பயன்படும். ஒரே விளக்கில் எல்லாத் தேவையையும் அடக்க முயல்வதைவிட, அன்றாடத்துக்கு ஒன்று, அவசரத்துக்கு ஒன்று என இரண்டு வைத்துக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன்.

இரண்டாம் படி: விளக்குக்கு முன் மின்கலத்தைத் தேர்ந்தெடுங்கள்

மின்வேதியியலுக்கென்றே ஒரு மத்திய ஆய்வு நிறுவனத்தை, அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்ததால் பெற்ற ஊர் காரைக்குடி. 1953இல் திறக்கப்பட்ட அந்நிறுவனத்தின் ஆய்வுத் துறைகளில் மின்கலமும் ஒன்று. மின்கலத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சற்றேனும் அறிந்து வாங்குவது இந்த ஊர்க்காரர்களுக்கு அழகு.

சுவரில் செருகும் மலிவு வகைகள் பலவற்றில் இருப்பது ஈய-அமில மின்கலம். அது சும்மா இருந்தாலும் மெல்ல மெல்லத் தீரும். தீர்ந்த நிலையிலேயே கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் படிகமாக இறுகி, பிறகு சார்ஜை ஏற்காது. மாதம் ஒருமுறை சார்ஜ் செய்ய ஆள் இருக்கும் வீட்டுக்கு அது பொருந்தலாம். பூட்டிய வீட்டுக்குப் பொருந்தவே பொருந்தாது.

பெட்டிக்கடையில் கிடைக்கும் சாதாரணக் கட்டையில் துத்தநாக உறையே ஒரு மின்முனையாக இருப்பதால், பயன்படுத்தப் பயன்படுத்த உறை அரித்து மெலிந்து, கடைசியில் ஓட்டை விழுந்து கசிகிறது. ஆல்கலைன் வகையின் உறை எஃகாலானது. அது நெடுநேரம் உழைக்கும். ஆனாலும் தீர்ந்துபோன பிறகு உள்ளேயே விட்டுவைத்தால், வாயு சேர்ந்து அழுத்தம் கூடி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வெளியேறி வெள்ளையாகப் பூக்கும். அப்படிப் பூத்ததைக் கையுறை அணிந்து, வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்ட பஞ்சால் துடைத்து, ஈரம் போக உலர்த்தினால் விளக்கு சில வேளை பிழைத்துக்கொள்ளும்.

பூட்டிய வீட்டுக்கு என் தெரிவு, ‘ஏஏ’ அளவில் வரும் 1.5 வோல்ட் லித்தியம் மின்கலம். இது ஒருமுறை மட்டுமே பயன்படுவது; ஆல்கலைனைவிடப் பல மடங்கு விலை. ஆனால் கசிவது மிக அரிது. தயாரிப்பாளர்கள் 20 ஆண்டு வரை இருப்புக்காலம் குறிக்கிறார்கள். இதே அளவில் 3.7 வோல்ட் லித்தியம் அயனி மின்கலமும் விற்கப்படுகிறது என்பதை மறக்க வேண்டாம். அதைத் தவறுதலாக 1.5 வோல்ட்டுக்கான விளக்கில் போட்டால் விளக்கு கருகிப் பாழாகலாம்.

அன்றாட விளக்குக்கு ‘18650’ என்னும் லித்தியம் அயனி மின்கலம் நல்லது. அந்த எண் அதன் அளவையே சொல்கிறது: விட்டம் 18 மில்லிமீட்டர், நீளம் 65 மில்லிமீட்டர். நம்பகமான தயாரிப்புகளின் கொள்ளளவு பெரும்பாலும் 3500 மில்லி ஆம்பியர் மணிக்குள்ளேயே இருக்கும். மேலே 9900 என்று அச்சிட்டிருந்தால் அது பொய், வாங்க வேண்டாம். இந்தியாவில் இத்தகைய மின்கலங்களுக்கு ஐ.எஸ். 16046 என்னும் இந்தியத் தரத்தின்கீழ், இந்தியத் தர நிர்ணய அமைவனமான பி.ஐ.எஸ்.ஸில் பதிவு கட்டாயம் என்பதால், உறையில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

பழனிக்குக் காவடியுடன் நடந்து செல்வோர் இன்னொன்றையும் கருத வேண்டும்: சார்ஜ் செய்ய இடம் கிடைக்காத வழியில், எந்தச் சிறு கடையிலும் வாங்கக்கூடிய ‘ஏஏ’ கட்டையில் எரியும் விளக்கே கைகொடுக்கும்.

மூன்றாம் படி: பெட்டியிலுள்ள எண்களைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

லூமென் என்பது விளக்கிலிருந்து வெளியேறும் மொத்த ஒளியின் அளவு. சாவித் துளையைத் தேட 5 லூமென் போதும். கட்டுக்குக் கட்டு நடக்க 30 முதல் 50 வரை. தெருவுக்கும் தோட்டத்துக்கும் 150 முதல் 300 வரை என்பது என் அனுபவக் கணக்கு. நல்ல எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 100 லூமென் தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3000 மில்லி ஆம்பியர் மணி கொண்ட ஒரு 18650 மின்கலத்தில் இருக்கும் ஆற்றல் சுமார் 11 வாட் மணி. அதாவது 1000 லூமென் ஒளியை ஏறக்குறைய ஒரு மணி நேரம் மட்டுமே அதனால் தாங்க முடியும். ஒரே மின்கலத்தில் 10,000 லூமென், ஆறு மணி நேரம் என்று விளம்பரம் செய்தால், அதற்கு 600 வாட் மணி வேண்டும். இந்தப் பெருக்கலைக் கடையில் நின்றபடியே செய்துவிடலாம்.

பெட்டியில், டார்ச் லைட்டுகளை ஒரே முறையில் அளப்பதற்கான எஃப்.எல். 1 தரக் குறியீடு இருந்தால் அளவீடுகளை ஒப்பிடுவது எளிது. ஆனால் அவற்றின் பொருளை அறிந்திருக்க வேண்டும். எரியும் நேரம் என்பது தொடக்க ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையிலான நேரமே தவிர, முழு ஒளியில் எரியும் நேரம் அன்று. ஒளி எட்டும் தூரம் என்பது ஒளி 0.25 லக்ஸாக, ஏறக்குறைய முழு நிலவின் வெளிச்சமாகக் குறையும் இடம். 200 மீட்டர் என்று போட்டிருந்தால், கண்ணுக்கு உதவும் தூரம் அதில் பாதிதான் என்று கொள்ளுங்கள்.

நீர்த்தடுப்பை ஐ.பி.எக்ஸ். என்னும் குறியீடு சொல்லும்: ஐ.பி.எக்ஸ். 4 தெறிக்கும் நீரைத் தாங்கும், ஐ.பி.எக்ஸ். 7 ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு முதலாவதே போதும். கேணியில் எட்டிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இரண்டாவதை வாங்குங்கள்.

நான்காம் படி: ஒளியின் நிறத்தைப் பாருங்கள்

பலர் கவனிக்காமல் விடும் இடம் இது. ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்னும் அளவால் குறிக்கிறார்கள். நீலம் கலந்த 6500 கெல்வின் வெண்ணொளி கண்ணுக்குப் பிரகாசமாகத் தோன்றினாலும், செம்மண்ணையும் சருகையும் அவற்றின் மேல் கிடக்கும் பழுப்பு நிறக் கண்ணாடி விரியனையும் ஒரே சாம்பல் பரப்பாகக் காட்டிவிடும். 4000 கெல்வின் அளவில், சி.ஆர்.ஐ. எனப்படும் நிறக்காட்டு எண் 90க்கு மேல் இருக்கும் விளக்கில் நிறங்கள் பிரிந்து தெரியும். இரவில் புதர்ப்பக்கம் நடப்பவர்கள், லூமென் கொஞ்சம் குறைந்தாலும் இதையே வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஐந்தாம் படி: பொத்தானும் உடலும்

முதல் அழுத்தத்திலேயே எரிய வேண்டும். மினுக்கும் ஒளியைக் கடந்துதான் சாதாரண ஒளிக்கு வர முடியும் என்றால் வேண்டாம். வயதானவர்கள் கையில் கொடுத்து அழுத்தச் சொல்லிப் பாருங்கள்.

ஆறாம் படி: வாங்கிய வாரத்திலேயே சோதியுங்கள்

இருட்டிய பின் முகப்பில் நின்று பின்கட்டு வரை ஒளியைச் செலுத்துங்கள்; ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் நீண்ட வீடுகள் இதற்கு நல்ல அளவுகோல். அடுத்து, நடுத்தர ஒளியில் ஏற்றி வைத்து மணிக்கு ஒருமுறை பார்த்து, எப்போது மங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாக, இருளில் அரை மணி நேரம் இருந்த பிறகு மிகக் குறைந்த ஒளியை ஏற்றுங்கள். அப்போதும் கண் கூசினால், தூங்கும் குழந்தைகளுக்கு நடுவே அந்த விளக்கைப் பயன்படுத்த முடியாது.

ஏழாம் படி: பூட்டுவதற்கு முன்

மின்னணுப் பொத்தான் உள்ள விளக்கு அணைந்திருக்கும்போதும் துளி மின்சாரத்தை உறிஞ்சும் என்பதால், பெரும்பாலான விளக்குகளில் பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி வைத்தால் தொடர்பு அறுந்துவிடும். ஆல்கலைன் கட்டைகளைக் கழற்றி விளக்கின் அருகிலேயே வையுங்கள். புதியதையும் பழையதையும் ஒன்றாகப் போடாதீர்கள். லித்தியம் அயனி மின்கலத்தை முழுச் சார்ஜில் விட்டுச் செல்லாமல் பாதியளவில் வைத்து, தகரக் கூரை அறையைத் தவிர்த்து, தடித்த சுவர்கள் சூழ்ந்த கீழ்த்தள உள்ளறையில் வைப்பது நல்லது. வெப்பமே அதன் ஆயுளைக் குறைக்கும்.

லித்தியம் ‘ஏஏ’ போட்ட அவசர விளக்கை மட்டும் உள்ளறைக்குக் கொண்டுபோகாதீர்கள். எங்கள் வீட்டில் அது இப்போது அலமாரியில் இல்லை. ஊரில் சாவிக்கொத்தை வைத்திருக்கும் அண்ணன் வீட்டில், அதே ஆணியில் தொங்குகிறது. மின்கலம் போட்ட மாதமும் ஆண்டும் ஒரு துண்டு பிளாஸ்திரியில் எழுதி அதன் மேல் ஒட்டப்பட்டிருக்கின்றன.