கேமிங் மவுஸ்: வயரா, வயர்லெஸ்ஸா?

வயர்லெஸ் என்றால் லேக், அதாவது தாமதம், வரும் என்று நாகர்கோவில் பக்கம் இன்னும் சொல்கிறார்கள். அது பழைய கதை. 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள் (யுஎஸ்பி போர்ட்டில் செருகும் சின்ன ரிசீவர்) உள்ள நல்ல கேமிங் மவுஸ் நொடிக்கு 1000 முறை தகவல் அனுப்பும். சாதாரண வயர் கேமிங் மவுஸும் அதே அளவுதான். புளூடூத்தில் மட்டும் விளையாட வேண்டாம், மெதுவாக இருக்கும்.

டாங்கிளை சிபியு பின்னால் செருகாதீர்கள். யுஎஸ்பி 3.0 போர்ட்டின் மின் இரைச்சல் அதே அலைவரிசையில் குறுக்கிடும். எக்ஸ்டென்ஷன் கேபிளில் மாட்டி, மவுஸ்பேட் பக்கத்தில் வையுங்கள்.

2020-இல் வந்த லாஜிடெக் ஜி ப்ரோ எக்ஸ் சூப்பர்லைட் என்ற வயர்லெஸ் மவுஸ், பேட்டரியோடு சேர்த்தே 63 கிராமுக்குள்தான். ஆக, எடைக்காக வயர் வாங்கத் தேவையில்லை. விலைக்காக வாங்கலாம், தப்பே இல்லை. ஆனால் கேபிளைக் கையில் எடுத்து மடக்கிப் பாருங்கள். பாராகார்டு, அதாவது மெல்லிய நூல் உறை பின்னிய கேபிள், என்றால் கயிறு போலத் துவளும். விறைப்பான கேபிள் மேசை விளிம்பில் உரசி, சரியாகக் குறி வைக்கும் நேரத்தில் கையை இழுக்கும்.

அப்புறம், எடை குறைக்க மேலே ஓட்டை ஓட்டையாக விட்ட மாடல்கள். குளச்சல், முட்டம் மாதிரிக் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். உப்புக்காற்றும் கை வியர்வையும் நேரே சர்க்யூட் போர்டில் இறங்கும். மூடிய ஓடு உள்ளதாகவே பாருங்கள், சில கிராம் கூடினால் கூடட்டும்.