கட்டுமஸ்தான உடலுக்குப் பிஎம்ஐ பொருந்துமா? இஞ்ச் டேப்பால் சரிபார்க்கும் முறை

ஆறு ஆண்டுகளாகப் பளு தூக்கிப் பயிற்சி செய்கிறேன். உயரம் 174 செ.மீ., எடை 84 கிலோ. சென்ற ஆண்டு ஒரு மருத்துவப் பரிசோதனையில் பிஎம்ஐ (உடல் நிறை குறியீட்டெண்) அட்டவணையைப் பார்த்து என் பெயருக்கு எதிரே 'அதிக எடை' என்று எழுதிக் கொடுத்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. அட்டவணை தவறு என்று காட்டிவிட வேண்டும் என்றே டேப்பைக் கையில் எடுத்தேன். அட்டவணையும் தவறியிருந்தது, நானும் தவறியிருந்தேன். இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

படி 1: பிஎம்ஐ

கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 1.74 × 1.74 = 3.03. 84-ஐ அதனால் வகுத்தால் 27.7. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 18.5 முதல் 25-க்குள் இருந்தால் இயல்பு. 25 முதல் அதிக எடை. 30 முதல் உடல் பருமன். ஆசிய மக்கள் 23-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டும் என்று அதன் வல்லுநர் குழு 2004-ல் வெளியான அறிக்கையில் கூறியது.

இந்தச் சூத்திரத்தை 1830-களில் வகுத்தவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடோல்ஃப் கெட்லே. அவர் வானியலாளரும் புள்ளியியலாளரும் ஆவார்; மருத்துவர் அல்லர். 'சராசரி மனிதனின்' அளவுகளைத் தேடியவர் அவர். தனி ஒருவரின் நோயைக் கண்டறிவது அவருடைய நோக்கமாக இருக்கவில்லை. சூத்திரத்துக்குள் போவது எடையும் உயரமும் மட்டும்தான். அந்த 84 கிலோவில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று அதற்குத் தெரிய வழியே இல்லை. ஒரு லிட்டர் தசை சுமார் 1.06 கிலோ, ஒரு லிட்டர் கொழுப்பு சுமார் 0.9 கிலோ. ஒரே உயரமும் எடையும் உள்ள இருவரில் தசை மிகுந்தவர் சிறுத்துத் தெரிவார். பிஎம்ஐக்கு இருவரும் ஒன்றே.

படி 2: இடுப்புச் சுற்றளவு

நான் சறுக்கிய இடம் இது. என் காற்சட்டை அளவு 32 அங்குலம், அதாவது 81 செ.மீ. அதையே இடுப்பு அளவாக எடுத்துக்கொண்டு, எல்லாம் நலம் என்று இரண்டு மாதம் நிம்மதியாக இருந்தேன். காற்சட்டை நிற்பது தொப்புளுக்கு வெகு கீழே. வயிறு முன்தள்ளுவது அதற்கு மேலே. போதாக்குறைக்கு, ஆடையில் அச்சிட்டிருக்கும் எண்ணைவிட உண்மையான சுற்றளவு பெரிதாக இருப்பதும் உண்டு.

சரியான முறை இது. சட்டையைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி முன் நில்லுங்கள். பக்கவாட்டில் விரலை வைத்து அழுத்தி, கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்பைக் கண்டுபிடியுங்கள். பிறகு கையைக் கீழே இறக்கி, இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தொடுங்கள். இரண்டுக்கும் நடுவில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். டேப் அந்தக் கோட்டின் மேல், தரைக்கு இணையாகச் சுற்றி வர வேண்டும். முதுகுப் பக்கம் டேப் கீழே சரிவதுதான் வழக்கமான பிழை, கண்ணாடி அதற்காகத்தான். இயல்பாக மூச்சை வெளியே விட்டு, அந்த முடிவில் அளவைப் படியுங்கள். வயிற்றை எக்காதீர்கள். டேப் தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. இரண்டு முறை அளந்து, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருந்தால் மறுபடி அளந்து பாருங்கள்.

இப்படி அளந்தபோது எனக்கு வந்தது 89. எட்டு சென்டிமீட்டரை நான் பார்க்காமலே இருந்திருக்கிறேன்.

டேப்பைப் பொறுத்தவரை, தையல்காரர்கள் வைத்திருக்கும் இழுத்தால் நீளாத சாதாரண டேப்பே போதும். நாள்பட்ட டேப்பை மட்டும் ஓர் அளவுகோலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 3: உயரத்தில் பாதி

இடுப்பை உயரத்தால் வகுங்கள். 0.5-க்குக் கீழே இருக்க வேண்டும். 0.5 முதல் 0.59 வரை அபாயம் கூடுகிறது, 0.6 முதல் அது இன்னும் அதிகம் என்று, பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பு 2022-ல் கூறியது. தோளிலும் தொடையிலும் தசை ஏறினால் இந்த எண் அசையாது. அதனால்தான் நம்மைப் போன்றவர்களுக்கு இது பொருந்துகிறது.

81-ஐ வைத்து 0.47 என்று மகிழ்ந்திருந்தேன். 89-ஐ வைத்தால் 0.51. என் உடலில் தசை இருப்பது உண்மை, அட்டவணைக்கு அது தெரியாது என்பதும் உண்மை. அந்தத் தசைக்குப் பின்னால் நான் கொழுப்பை ஒளித்து வைத்திருந்ததும் உண்மைதான். நான்கு மாத முயற்சிக்குப் பிறகு இடுப்பு 85, விகிதம் 0.49. எடை குறைந்ததோ ஒரே கிலோ. பிஎம்ஐ 27.4, அட்டவணையில் இன்னும் 'அதிக எடை' வரிசையில்தான் நிற்கிறேன். எடைக்கருவியை மட்டும் நம்பியிருந்தால் முயற்சியைப் பாதியிலேயே விட்டிருப்பேன்.

படி 4: கொழுப்புச் சதவீதம் (விரும்பினால்)

காலை வைத்ததும் கொழுப்புச் சதவீதம் காட்டும் மின்னணு எடைக்கருவிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். மெல்லிய மின்னோட்டத்தைப் பாதம் வழியே செலுத்தி, உடலின் மின்தடையை வைத்து அவை கணிக்கின்றன. உடலில் நீர் கூடினாலும் குறைந்தாலும் எண் மாறும். ஒரே நாளில் எனக்குக் காலையில் 22, மாலையில் 19 காட்டியது. துல்லியம் வேண்டுமென்றால், எக்ஸ்-கதிரால் உடலின் கொழுப்பையும் தசையையும் அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்கலாம். பெரும்பாலோருக்கு அது தேவைப்படாது.

படி 5: ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தக் கொழுப்பு (கொலஸ்ட்ரால்)

இந்த மூன்று பரிசோதனைகளையும் தவிர்க்க வேண்டாம். டேப் அபாயத்தைச் சுட்டிக்காட்டும். உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சொல்பவை இவையே.

பின்சேர்க்கை 1: "என் வயிறு கல் மாதிரி இருக்கிறது, அது தசைதானே?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அப்படி முடிவு செய்துவிட முடியாது. குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பு வயிற்றுத் தசைக்கு உள்பக்கம் இருக்கிறது. அது தசைச் சுவரை வெளியே தள்ளுவதால் தொட்டால் கெட்டியாகவே இருக்கும். தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பைத்தான் விரலால் கிள்ள முடியும். விகிதம் 0.5-ஐத் தாண்டினால் கெட்டி வயிற்றையும் சந்தேகியுங்கள்.

பின்சேர்க்கை 2: கர்ப்பிணிகளுக்கு இந்த அளவுகள் எதுவும் பொருந்தா. குழந்தைகளின் பிஎம்ஐக்கு வயதுவாரியான தனி அட்டவணை உண்டு.

பின்சேர்க்கை 3: இன்னொருவர் தன் அளவுகளை அனுப்பியிருந்தார். உயரம் 160 செ.மீ., எடை 56 கிலோ, இடுப்பு 86 செ.மீ. பிஎம்ஐ 21.9, 'இயல்பு' என்பதால் இதுவரை யாரும் அவரை எச்சரிக்கவில்லை. விகிதமோ 0.54. தசை குறைந்து வயிற்றில் கொழுப்பு சேர்ந்த உடலும் அட்டவணையின் கண்ணில் படுவதில்லை. என்னைத் தவறாகப் பிடித்ததைவிட இவரைத் தப்பவிட்டதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. நான்காம் படியை விட்டுவிட்டு, இந்த வாரமே ஐந்தாம் படிக்குப் போகும்படி அவருக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.