டெஃப்டோன்ஸை எந்த வரிசையில் கேட்பது?

அமெரிக்க மெட்டல் பேண்டான டெஃப்டோன்ஸைக் கேட்கலாம் என்று வருகிறவர்களில் பாதிப் பேர் ஷஃபிளில் போட்டுவிடுகிறார்கள். ஒரு பாட்டு அலறலாக வரும், அடுத்தது காதருகே முணுமுணுக்கும், அதோடு குழம்பிப்போய் நிறுத்திவிடுவார்கள். மீதிப் பேர் 1995இல் வந்த முதல் ஆல்பத்திலிருந்து ஒழுங்காகத் தொடங்கி, இரண்டாவதைத் தாண்டுவதற்குள் அலுத்துப்போகிறார்கள். இரண்டு வழியும் வேண்டாம். இந்த பேண்டின் கதையைத் தெரிந்துகொண்டு அதற்கேற்ற வரிசையில் கேட்டால்தான் அது பிடிபடும்.

முதலில் ஆட்களைத் தெரிந்துகொள்ளுங்கள். கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் 1988இல் தொடங்கிய பேண்ட் இது. கிட்டார் ஸ்டீஃபன் கார்பென்டர். பதினைந்து வயதில் ஸ்கேட்போர்டில் போகும்போது கார் மோதிப் படுக்கையில் கிடந்த காலத்தில் கிட்டார் பழகியவர். பாடுவது சீனோ மொரேனோ, டிரம்ஸ் ஏப் கன்னிங்ஹம், பேஸ் வாசித்தவர் சி செங். டர்ன்டேபிள், கீபோர்டு வாசிக்கும் ஃபிராங்க் டெல்காடோ பிறகு சேர்ந்தவர். கார்பென்டருக்கு மெஷுகா மாதிரி கனமான, கணக்கு பிசகாத மெட்டல் உயிர். மொரேனோவுக்கோ த க்யூர், டெபெஷ் மோட் மாதிரி மெட்டலே இல்லாத, சோகம் கலந்த பாட்டுகள். இந்த இரண்டு ரசனையும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருப்பதுதான் டெஃப்டோன்ஸ் என்பது என் கருத்து. எந்த ஆல்பத்தை எடுத்தாலும், இதில் யார் கை ஓங்கியிருக்கிறது என்று கவனித்துக்கொண்டே கேளுங்கள்.

தொடங்க வேண்டிய இடம் 2000 ஜூனில் வந்த 'வைட் போனி'. அதுவரை பத்திரிகைகள் இவர்களை கார்ன், லிம்ப் பிஸ்கிட் வரிசையில் நூ மெட்டல், அதாவது ராப் கலந்த மெட்டல் என்று அடுக்கி வைத்திருந்தன. அந்தப் பெட்டியிலிருந்து இவர்கள் வெளியே வந்த ஆல்பம் இது. மொரேனோவும் கிட்டாரைக் கையில் எடுத்தார், டெல்காடோ முழு உறுப்பினரானார், பாட்டுகளுக்குள் காற்றும் இடைவெளியும் வந்தன. பில்போர்டு பட்டியலில் மூன்றாம் இடத்தில் நுழைந்தது. இதிலுள்ள 'எலீட்' பாட்டுக்கு 2001இல் சிறந்த மெட்டல் பெர்ஃபாமன்ஸுக்கான கிராமி கிடைத்தது.

ஒரு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆப்பில் இந்த ஆல்பம் 'பேக் டு ஸ்கூல்' பாட்டில் தொடங்கினால் அதைத் தாண்டிவிட்டு 'ஃபெய்ட்டிசெய்ரா'விலிருந்து கேளுங்கள். ரேடியோவில் ஓடுகிற மாதிரி ஒரு பாட்டு வேண்டும் என்று கம்பெனி அழுத்தம் கொடுத்ததால், கடைசிப் பாட்டான 'பிங்க் மேகிட்'டை ராப் பாணியில் மாற்றி, சில மாதம் கழித்து வந்த மறுபதிப்பின் தலையில் வைத்தார்கள். மொரேனோவுக்கே அதில் பெரிய சந்தோஷம் இல்லை. முதலில் வந்த 11 பாட்டு வரிசைதான் சரியானது, அதுவும் ஹெட்போனில், ஒரே மூச்சில். 'டிஜிட்டல் பாத்'தில் கன்னிங்ஹமின் டிரம்ஸை மட்டும் தனியாகப் பின்தொடர்ந்து ஒருமுறை கேளுங்கள், மெட்டல் டிரம்மர்களில் இவரை ஏன் தனியாகச் சொல்கிறார்கள் என்பது புரிந்துவிடும். 'பாசஞ்சர்' பாட்டில் மொரேனோவோடு பாடுவது டூல் பேண்டின் மேனர்ட் ஜேம்ஸ் கீனன்.

அப்புறம் பின்னால் போங்கள். 1997இன் 'அரவுண்ட் த ஃபர்' முதலில், அதற்குப் பிறகுதான் 1995இன் 'அட்ரினலின்'. இரண்டும் மடோனாவின் மேவெரிக் கம்பெனி வெளியிட்டவை, இரண்டுக்கும் தயாரிப்பாளர் டெர்ரி டேட். 'அட்ரினலின்' பச்சையான, கோபமான ஆல்பம், அதற்கு மேல் அதை நோண்ட வேண்டாம். 'அரவுண்ட் த ஃபர்' வேறு ரகம். அதில் 'ஹெட் அப்' பாட்டில் செபுல்டுரா பேண்டில் பாடிய மேக்ஸ் கவலேரா வருகிறார். 1996இல் இறந்த அவருடைய வளர்ப்பு மகன் டேனா வெல்ஸின் நினைவுக்காகச் செய்த பாட்டு அது. கவலேரா பிறகு ஆரம்பித்த சோல்ஃப்ளை பேண்டின் பெயரே இந்தப் பாட்டிலிருந்து எடுத்ததுதான்.

2003இல் பேண்டின் பெயரிலேயே வந்த ஆல்பம் இருண்டது, கனமானது. அதிலுள்ள 'மினர்வா' பாட்டு பிடித்திருந்தால் முழுதும் கேளுங்கள், இல்லையென்றால் பிறகு வரலாம்.

இங்கே நிறுத்தி, பேஸ் வாசித்த செங்கின் கதையைப் படித்துவிட்டு மேலே போங்கள், இல்லாவிட்டால் அடுத்த ஆல்பங்களின் எடை தெரியாது. 2006இன் 'சாட்டர்டே நைட் ரிஸ்ட்' பேண்ட் உடையும் நிலையில் செய்தது. மொரேனோ பாதியில் விட்டுவிட்டு டீம் ஸ்லீப் என்ற தன் இன்னொரு குழுவோடு டூர் போனார், பாப் எஸ்ரின் தயாரிப்பில் தொடங்கிய வேலையில் பாடும் பகுதிகளை கிட்டாரிஸ்ட் ஷான் லோபஸோடு உட்கார்ந்துதான் முடிக்க முடிந்தது. அதற்கடுத்து 'ஈராஸ்' என்ற ஆல்பத்தில் இருந்தபோது, 2008 நவம்பரில் சான்டா கிளாராவில் நடந்த கார் விபத்தில் செங் கோமாவுக்குப் போனார். நண்பன் இப்படிக் கிடக்கும்போது அந்த ஆல்பத்தை வெளியிட அவர்களுக்கு மனம் வரவில்லை. ஒதுக்கி வைத்துவிட்டு, குவிக்ஸாண்ட் பேண்டின் செர்ஜியோ வேகாவை பேஸுக்கு அழைத்துக்கொண்டு, எல்லோரும் ஒரே அறையில் நின்று வாசித்துப் புதிதாக எழுதியதுதான் 2010இன் 'டயமண்ட் ஐஸ்'. இவ்வளவு துயரத்துக்கு நடுவில் இப்படி வெளிச்சமான ஒரு ஆல்பம் வந்ததை இன்றைக்கும் என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. கார்பென்டர் எட்டுத் தந்தி கிட்டாருக்குப் போனது இதில்தான், ஆனால் அந்தக் கனத்துக்கு மேலேயே 'செக்ஸ்டேப்' மாதிரி ஒரு பாட்டு மிதக்கிறது.

செங் 2013 ஏப்ரல் 13 அன்று இறந்தார். சரியாக ஒரு வருடம் கழித்து, 'ஈராஸ்' ஆல்பத்திலிருந்து 'ஸ்மைல்' என்ற ஒரே பாட்டை மொரேனோ யூடியூபில் போட்டார். அதைத் தேடிக் கேளுங்கள். பிறகு 'சாட்டர்டே நைட் ரிஸ்ட்'டுக்குத் திரும்பி, இந்த முறை பேஸை மட்டும் கவனியுங்கள், செங் வாசித்து வெளிவந்த கடைசி முழு ஆல்பம் அதுதான்.

மீதியை வரிசையாகவே கேட்கலாம். 2012இன் 'கோய் நோ யோகன்' இரண்டு ரசனையும் சண்டையில்லாமல் சேர்ந்த இடம், 'வைட் போனி'க்கு அடுத்து நான் கையில் கொடுப்பது இதைத்தான். 2016இன் 'கோர்' மொரேனோ பக்கம் சாய்ந்தது, கார்பென்டருக்கு அந்தத் திசை முதலில் ஒட்டவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார், கேட்டாலும் தெரிகிறது. 2020இன் 'ஓம்ஸ்' டெர்ரி டேட் திரும்பி வந்து செய்தது, அதில் கிட்டார் மறுபடி முன்னால் வந்துவிட்டது. 2025 ஆகஸ்ட்டில் 'ப்ரைவேட் மியூசிக்' வந்திருக்கிறது.

பாட்டு வரிகளுக்கு அர்த்தம் தேடி இணையத்தில் அலைய வேண்டாம். மொரேனோ கதை சொல்லும் ஆள் இல்லை, காட்சிகளை அடுக்குவார், குரலையும் ஒரு வாத்தியமாகவே வைத்துக் கேளுங்கள். அவருடைய பக்கம் இன்னும் புரிய வேண்டுமென்றால் 2011இன் 'கவர்ஸ்' தொகுப்பை எடுங்கள். ஷாடே, த ஸ்மித்ஸ், டுரான் டுரான், த க்யூர் என்று மெட்டலுக்குச் சம்பந்தமே இல்லாதவர்களின் பாட்டுகளை இவர்கள் எவ்வளவு மரியாதையோடு வாசித்திருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு, அப்படியே 'டிஜிட்டல் பாத்'தை மறுபடி போடுங்கள்.