‘நோம்ப்ரே’ குடும்பப் பெயர் அல்ல: ரீயூனியனிலிருந்து ஸ்பெயினுக்கு ஸ்டாஜ் (மாணவர் வேலைப் பயிற்சி) போகிறவர்களுக்கு

பிரெஞ்சில் படித்து வளர்ந்த நம் தீவுப் பிள்ளைகளுக்கு ஸ்பானிஷ் பாதி தெரிந்த மொழி மாதிரி இருக்கும். வம்பே அங்கேதான். ஸ்பெயினில் கையில் வரும் முதல் படிவத்தில் ‘நோம்ப்ரே’ என்று ஒரு கட்டம் இருக்கும். பிரெஞ்சு ‘நோம்’ நினைவில் வந்து அங்கே குடும்பப் பெயரை எழுதிவிடுவார்கள். அது கேட்பது உங்களுக்கு வைத்த பெயரை. குடும்பப் பெயருக்கு ‘அப்பெயீதோ’ என்று தனியாக இரண்டு கட்டங்கள் உண்டு, ஏனென்றால் அந்த ஊரில் அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று. நமக்கு ராமசாமியோ வைத்திலிங்கமோ ஒன்றுதான். இரண்டாவது கட்டத்தைக் காலியாக விடுங்கள். சும்மா இருக்கிறதே என்று இரண்டாவது முன்பெயரை அதில் போட்டால், அடையாள அட்டையில் ஒரு ஆள், பதிவுச் சான்றிதழில் வேறு ஆள் என்று ஆகிவிடும். திருத்துவதற்கு மறுபடி அலுவலகத்தில் நாள் வாங்கி நிற்க வேண்டும்.

கீழே சொல்வதெல்லாம் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்களுக்கு. மொரீஷியஸ் பாஸ்போர்ட் என்றால் ஸ்பெயின் தூதரகத்தில் விசாவிலிருந்து தொடங்க வேண்டும். அர்ஜென்டினா, மெக்சிகோ போகிறவர்களுக்கும் இது பொருந்தாது.

இடம் தேடும்போது ‘ஸ்டாஜ்’ என்று எழுதாதீர்கள். அங்கே அதற்குப் பெயர் ‘பிராக்திகாஸ்’, செய்கிறவர் ‘பெக்காரியோ’. கல்வி நிறுவனத்தோடு ஒப்பந்தம் இல்லாமல் ஸ்பெயின் நிறுவனங்கள் மாணவரைச் சேர்க்கத் தயங்கும். ஆகவே மின்னஞ்சலின் தொடக்கத்திலேயே ‘மி உனிவெர்சிதாத் ஃபிர்மா எல் கொன்வேனியோ’, அதாவது ஒப்பந்தத்தில் என் பல்கலைக்கழகம் கையெழுத்திடும் என்று சொல்லிவிடுங்கள். பதில் வருவதும் வராததும் பெரும்பாலும் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

அந்த ஒப்பந்தத்தில் மூன்று தரப்பும் கையெழுத்திட வேண்டும்: நீங்கள், கல்வி நிறுவனம், வேலை கொடுப்பவர். முதல் நாளுக்கு முன்பே எல்லாக் கையெழுத்தும் விழுந்திருக்க வேண்டும். ஸ்பானிஷ் பிரதி கேட்டு வாங்குங்கள். பிரெஞ்சுத் தாளில் கையெழுத்துப் போட அங்குள்ள கணக்குப் பிரிவு யோசிக்கும். மூன்று மாதம் முன்னதாகத் தொடங்கினால் நிம்மதி. ஆகஸ்டில் ஸ்பெயினில் பல அலுவலகங்கள் பாதி ஆளோடு ஓடும், சில மூடியே கிடக்கும். அந்த மாதத்தில் தாளும் நகராது, கற்றுக்கொடுக்க ஆளும் இருக்காது. எராஸ்மஸ் எனும் ஐரோப்பிய ஒன்றிய மாணவர் உதவித்தொகை வாங்கப் போகிறவர்கள் ஸ்டாஜ் குறைந்தது 2 மாதம் வருமாறு தேதி போடுங்கள். பிரான்சில் 2 மாதத்துக்கு மேலான ஸ்டாஜுக்குக் கட்டாயமாகத் தரும் ஊக்கத்தொகை வெளிநாட்டு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது. தருவார்களா, எவ்வளவு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். வேலையிடத்தில் அடிபட்டால் பிரெஞ்சுக் காப்பீடு தொடருமா என்பதும் அதே ஒப்பந்தத்தில் இருக்க வேண்டிய விஷயம்.

புறப்படும் முன் பிரெஞ்சு மருத்துவக் காப்பீட்டு இணையதளமான அமெலியில் உள்ள உங்கள் கணக்கில் ஐரோப்பிய மருத்துவ அட்டைக்கு விண்ணப்பியுங்கள். இலவசம், 2 ஆண்டு செல்லும். தபாலில் வர நேரமாகும் என்பதால் தற்காலிகச் சான்றிதழையும் இறக்கி வைத்துக்கொள்ளலாம். அதற்கு ஆயுள் 3 மாதம்தான். அட்டை அரசு மருத்துவமனைகளில்தான் செல்லும், தனியாரில் அல்ல.

3 மாதத்துக்குள் திரும்புகிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். அதற்கு மேல் தங்கினால் வந்த 3 மாதத்துக்குள் வெளிநாட்டவர் பதிவேட்டில் பெயர் சேர்க்க வேண்டும். முதலில் இணையத்தில் ‘சீத்தா பிரேவியா’, அதாவது நேரம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். மத்ரீதிலும் பார்சலோனாவிலும் இது எளிதில் கிடைக்காது; காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இ.எக்ஸ்.-18 படிவத்தை நிரப்பி, 790-012 கட்டணச் சீட்டை அச்சிட்டு, முன்கூட்டியே வங்கியில் பணம் கட்டிக் கொண்டுபோங்கள். கட்டாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மாணவராகப் பதிவு செய்யும்போது மருத்துவ அட்டை தங்கும் காலம் முழுவதற்கும் செல்ல வேண்டும். பாதியில் முடிகிற அட்டை என்றால் ஊரிலேயே புதுப்பித்துக்கொண்டு கிளம்புங்கள்.

வீட்டுக்கு முன்பணம்: வழக்கமான குடியிருப்பு ஒப்பந்தத்தில் சட்டப்படி 1 மாத வாடகை, ‘தெம்பொராதா’ எனப்படும் குறுகியகால ஒப்பந்தத்தில் 2 மாதம். ஸ்டாஜுக்கு வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் நீட்டுவார்கள், அதற்கேற்பக் கையில் பணம் வைத்திருங்கள். அறையைக் கண்ணால் பார்க்காமல் ஒரு சென்ட்கூட அனுப்பாதீர்கள். முதல் வாரம் விடுதியில் தங்கித் தேடுவதே நல்லது. ஸ்பெயின் வங்கிக் கணக்கு இருந்தால்தான் ஆகும் என்று யாராவது சொன்னால் விட்டுக்கொடுக்க வேண்டாம். யூரோ மண்டலக் கணக்கு எந்த நாட்டில் இருந்தாலும் ஏற்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. ரீயூனியன் கணக்கும் அதில் அடக்கம்.

இனி சாப்பாடு. மதிய உணவு 2 மணிக்கு. காவடிக்கோ தீமிதிக்கோ விரதம் இருக்கும் நாட்களில் ‘சின் கார்னே’, அதாவது இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது. பன்றித் தொடை ‘ஹாமோன்’ பலருக்கு அந்தக் கணக்கில் வருவதில்லை. ‘என்சலாதா மிஸ்தா’ என்ற சாலடில் சூரை மீன் இருக்கும். ‘லெந்தேஹாஸ்’ என்ற பருப்பு பார்க்க நம் தீவின் சிலாவோஸ் பருப்பு மாதிரியே இருக்கும்; கரண்டி விட்டால் சொரீசோ எனும் பன்றி இறைச்சித் தொத்திறைச்சித் துண்டு வரும். ‘நி கார்னே, நி ஹாமோன், நி பெஸ்காதோ, நி கால்தோ தே கார்னே’ என்று நான்கையும் சேர்த்துச் சொல்லுங்கள்: இறைச்சி, ஹாமோன், மீன், இறைச்சி வேகவைத்த நீர் எதுவும் வேண்டாம். அரிசிப் பையில் ‘ரெதோந்தோ’ என்றிருந்தால் குழையும் வகை. உதிரியாக வேண்டுமானால் ‘லார்கோ’ எடுங்கள். அது பிரெஞ்சு ‘லார்ழ்’ போல அகலமல்ல, நீளம். மசாலாவுக்கு மத்ரீதில் லவாபியேஸ் பகுதி, பார்சலோனாவில் ராவல் பகுதி.

கறிவேப்பிலையைப் பச்சையாகப் பெட்டியில் வைக்காதீர்கள். நோய் பரவும் என்று ரீயூனியனிலிருந்து போகும் இலை, செடிகளைச் சான்றிதழ் இல்லாமல் ஐரோப்பியக் கண்டத்துக்குள் விடுவதில்லை. காயவைத்து, வறுத்து, பொடியாக அரைத்து எடுத்துப் போங்கள்.