கப்பலில் இருக்கும் பிள்ளைக்குப் பார்சல் கட்டுவது எப்படி

அமெரிக்கக் கடற்படையினரின் அம்மாக்களுக்கான நேவி மதர்ஸ் கிளப், 1930-இல் டெக்சாஸின் மெக்காலனில் தொடங்கியது. என் மகன் கடற்படையில் சேர்ந்த பிறகு நானும் எங்கள் ஊர் கிளப்பில் சேர்ந்தேன். புதிதாக வரும் அம்மாக்களுக்கு முதலில் பார்சல் வேலைதான் சொல்லிக் கொடுப்பேன்.

முகவரியில் கவனம் வேண்டும். பிள்ளையின் முழுப்பெயர், கப்பலின் பெயரும் எண்ணும், கீழே எஃப்பிஓ (கடற்படைத் தபால் நிலையம்), அதோடு ஏபி (பசிபிக் பக்கம்) அல்லது ஏஇ (ஐரோப்பா, மத்திய கிழக்குப் பக்கம்), கடைசியில் ஜிப் கோடு (அமெரிக்க அஞ்சல் எண்). கப்பல் நிற்கும் நாட்டின் பெயரை எழுதவே கூடாது. எழுதினால் பார்சல் அந்த நாட்டுத் தபாலில் போய் மாட்டிக்கொள்ளும். சுங்கப் படிவத்தில் உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எழுதுங்கள்.

காலுறை, பானப் பொடி, கடின மிட்டாய் வையுங்கள். சாக்லேட் வெயிலில் உருகிவிடும். சோப்பைத் தனிப் பையில் இறுக்கி மூடுங்கள், இல்லாவிட்டால் பிஸ்கட்டெல்லாம் சோப்பு வாசம்தான். ஸ்ப்ரே டப்பா வேண்டாம். கடலில் இருக்கும் கப்பலுக்குப் பார்சல் போய்ச்சேரப் பல வாரம்கூட ஆகலாம், பண்டிகைக்கு வெகு முன்பே அனுப்பிவிடுங்கள்.

அப்புறம், கப்பலில் கடிதமே வராத பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா என்று மகனிடம் கேளுங்கள். எனக்கு இதுதான் கிளப்பின் உயிரான வேலை. அவர்களுக்கும் பெயர் போட்டுத் தனிப் பெட்டி, கையால் எழுதிய நாலு வரியோடு. கப்பல் புறப்படும் தேதியை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள், கிளப் கூட்டத்தில்கூட.