கார்ட்லெஸ் டிரில் வாங்கும் முன் வீட்டுச் சுவரைப் பாருங்கள்

கடைக்குப் போனதும் எல்லோரும் கேட்பது "எத்தனை வோல்ட்?" என்றுதான். அதைவிட முக்கியம், எந்தச் சுவரில் துளை போடப்போகிறீர்கள் என்பது. கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய செங்கல் சுவர். புது வீடுகளில் சிமெண்ட் பூச்சு, இடையிடையே கான்கிரீட் தூண்.

1. சுவரைச் சோதியுங்கள்

பீரோவுக்குப் பின்னால், கண்ணில் படாத இடத்தில் ஓர் ஆணி அடித்துப் பாருங்கள். சிவப்புத் தூள் வந்தால் செங்கல். வெள்ளையாகப் பொலபொலவென உதிர்ந்தால் ஆணி இன்னும் காரையில்தான் நிற்கிறது. சாம்பல் தூள் லேசாக வந்து ஆணி வளைந்தால் கான்கிரீட். அதற்காகப் பெரிய மெஷின் வாங்காதீர்கள். என்றோ ஒருநாள் வரும் வேலை, கான்கிரீட்டைத் தட்டித் துளைக்கும் ரோட்டரி ஹேமர் மெஷினை வாடகைக்கு எடுத்தால் போதும்.

2. எது வாங்குவது

கீல், கைப்பிடி, சுவிட்ச் போர்டு மட்டும் என்றால் 3.6 வோல்ட் ஸ்க்ரூடிரைவரே போதும். அது சுவரைத் துளைக்காது.

ஸ்டாண்ட், திரைச்சீலைக் கம்பி, படம் மாட்ட வேண்டும் என்றால் ஹேமர் வசதி (சுற்றிக்கொண்டே தட்டுவது) உள்ள 12 வோல்ட் டிரில், 10 மி.மீ. சக் (பிட் எனும் துளைக்கும் கம்பியைக் கவ்வும் வாய்), 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே என் தேர்வு. 18 வோல்ட் கனமானது. ஏணியில் நின்று கையை உயர்த்திப் பிடிக்கும்போது தெரியும். '20 வோல்ட் மேக்ஸ்' என்று பெட்டியில் போட்டிருப்பதும் அதே 18 வோல்ட்தான்.

3. கடையில் பார்க்க வேண்டியது

பிட்டை மாட்டி மெதுவாகச் சுற்ற விடுங்கள். நுனி தள்ளாடினால் வேறு பீஸ் கேளுங்கள். இரண்டு கியர், எண்கள் போட்ட கிளட்ச் வளையம் (ஸ்க்ரூ இறுகியதும் விசையைத் துண்டிப்பது) அவசியம். இரண்டு பேட்டரி உள்ள செட்டாக வாங்குங்கள். புயல் மழைக் காலத்தில் கரண்ட் போனால் ஒரு பேட்டரியை நம்ப முடியாது.

4. முதல் துளை

சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் துளைக்காதீர்கள், ஒயர் ஓடும். 6 மி.மீ. கான்கிரீட் பிட்டில், பிளக்கின் (ஸ்க்ரூவைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் குழல்) நீளத்தோடு 10 மி.மீ. கூட்டி, ஆழத்துக்கு அடையாளமாக டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். பிளக் முழுக்கச் செங்கலுக்குள் உட்கார வேண்டும். பூச்சிலேயே நின்றால் ஸ்க்ரூவோடு சேர்ந்து சுற்றும், பாரம் ஏறியதும் கழன்று வரும். பூச்சு தடிமனாக இருந்தால் துளையும் அந்த அளவுக்கு ஆழமாகட்டும்.

பழைய சுவரில் ஹேமரை அணைத்துவிட்டே தொடங்குங்கள். தட்டினால் காரை பெயர்ந்து 6 மி.மீ. துளை 8 ஆகிவிடும், பிளக் நிற்காது. புது செங்கல் சுவரில் ஹேமர் போடலாம். தூளை ஊதி எடுத்த பிறகே பிளக்.

5. மரத்தில் ஸ்க்ரூ

தேக்கு, வேம்பு நிலையில் நேரடியாக ஏற்றினால் ஸ்க்ரூ ஒடியும், இல்லையென்றால் தலை மழுங்கும். 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு முதலில் 2.5 அல்லது 3 மி.மீ. துளை. முதல் கியர், கிளட்ச் 5-இல் தொடங்கி ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். பிட் துள்ளினால் அளவு தப்பு. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் ஸ்டார் தலை (கூட்டல் குறி போன்ற பள்ளம் உள்ள) ஸ்க்ரூ பலவற்றுக்கு பி.எச்.2 (பிலிப்ஸ் 2-ஆம் எண்) பிட் சரியாக உட்காரும்.

6. பராமரிப்பு

சித்திரை வெயிலில் மொட்டை மாடி வேலை முடித்ததும் சூடான பேட்டரியைச் சார்ஜரில் செருகாதீர்கள். பல சார்ஜர்கள் ஏற்றவே ஏற்றாது. நிழலில் ஆறட்டும். மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில் கழற்றி வையுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோரத்தில் பிட்டுகளும் சக்கும் சீக்கிரம் துருப்பிடிக்கும். லேசாக எண்ணெய் துடைத்து மூடிய பெட்டியில் வையுங்கள், வெளிச்சுவருக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூவே வாங்குங்கள்.