தோட்டத்துப் பறவைகளை வீட்டுப் பூனையிடமிருந்து காப்பது எப்படி?

வயிறு நிறையச் சாப்பிட்ட பூனையும் வேட்டையாடும். பசி வேறு, பாய்ந்து பிடிக்கும் உந்துதல் வேறு. எதையும் கவ்விக்கொண்டு வருவதில்லை என்பதற்காக உங்கள் பூனையைச் சாது என்று நம்பிவிடாதீர்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வீட்டுப் பூனைகளின் கழுத்தில் சிறு கேமரா மாட்டிப் பார்த்தார்கள். பிடிபட்ட இரையில் கால்பங்குக்கும் குறைவாகத்தான் வீடு வந்து சேர்ந்தது. ஏறக்குறைய பாதி, பிடித்த இடத்திலேயே கிடந்தது.

நம் தோட்டங்களில் எளிதில் மாட்டுபவை: தரையில் மேயும் தவிட்டுக்குருவி, இடுப்புயரச் செடியில் இலையைத் தைத்துக் கூடு கட்டும் தையல்சிட்டு, பறக்கப் பழகும் கொண்டைக்குருவிக் குஞ்சு. ஓணான், அரணை, அணில் குட்டியும் தப்புவதில்லை.

படி 1: சாப்பாடு

பால்சோறும் தயிர்சோறும் பூனையின் வயிற்றை நிரப்புமே தவிர சத்து போதாது. அதற்குத் தேவையான டாரின் என்ற அமினோ அமிலச் சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் போதுமான அளவு இருக்கிறது. இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வில் (2021), தானியம் சேராத, இறைச்சிப் புரதம் மிகுந்த தீவனம் தின்ற பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 சதவீதம் குறைந்தது. பாக்கெட் தீவனம் வாங்கினால், சேர்மானப் பட்டியலில் முதலில் இருப்பது கோழியா மீனா, அல்லது சோளமா என்று பாருங்கள். ஒரே நாளில் மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும். பழைய சாப்பாட்டோடு கலந்து, 7 முதல் 10 நாளில் மெல்ல மாற்றுங்கள்.

படி 2: விளையாட்டு

தினமும் 5 முதல் 10 நிமிடம் விளையாடியதில், அதே ஆய்வில் இரை 25 சதவீதம் குறைந்தது. மூன்றடிக் குச்சி, அதன் நுனியில் கயிறு, கயிற்றில் துணி முடிச்சு. தரையோடு இழுத்து, சட்டென்று நிறுத்தி, நாற்காலிக்குப் பின்னால் மறையுங்கள். கடைசியில் பூனை அதைப் பிடித்தே ஆக வேண்டும். பிடித்ததும் சாப்பாடு வையுங்கள். கயிற்றைப் பூனையிடம் விட்டுவைக்காதீர்கள், விழுங்கினால் குடலில் சிக்கிக்கொள்ளும்.

படி 3: கழுத்துப் பட்டை

பலரும் முதலில் கட்டுவது மணி. அந்த ஆய்வில் மணியால் குறிப்பிடத்தக்க பலன் எதுவும் தெரியவில்லை. பளிச்சென்ற பல வண்ணத் துணியுறை போட்ட பட்டையோ, பிடிபட்ட பறவைகளை 42 சதவீதம் குறைத்தது. பறவைகளுக்கு நிறம் நன்றாகத் தெரியும், தூரத்திலேயே உஷாராகிவிடும். எலிக்கு இது பலிக்காது. இழுத்தால் தானே கழன்றுகொள்ளும் கொக்கி உள்ள பட்டையாகப் பாருங்கள். இல்லாவிட்டால் கிளையில் மாட்டிப் பூனை தொங்கிவிடும். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். அதைவிடத் தளர்ந்தால் முன்னங்கால் உள்ளே மாட்டும்.

படி 4: தோட்டம்

தண்ணீர்த் தொட்டியைச் செடி ஓரத்தில் வைப்பதுதான் பெரிய தவறு. நனைந்த சிறகோடு பறவையால் வேகமாக எழும்ப முடியாது, பூனையோ புதருக்குள் பதுங்கியிருக்கும். சுற்றிலும் இரண்டு மூன்று மீட்டர் வெட்டவெளி இருக்குமாறு, ஐந்தடி உயரக் கம்பத்தின் மேல் வையுங்கள்.

கூடு இருக்கும் மரத்துக்கு வழவழப்பான தகரத் தாள் சுற்ற வேண்டும். அகலம் இரண்டடி, அடிவிளிம்பு தரையிலிருந்து ஐந்தடிக்கு மேலே. ஆணி வேண்டாம், கம்பியால் கட்டி, மரம் பருக்கப் பருக்கத் தளர்த்துங்கள். மதில் சுவரோ கூரையோ கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் தகரம் வீண், பூனை அங்கிருந்தே தாவிவிடும். அந்தப் பக்கக் கிளையைக் கூடு காலியான பிறகு வெட்டுங்கள்.

அடுத்த வீட்டுப் பூனை வந்தால் செடியடியில் எலுமிச்சை முள்கிளைகளைப் பரப்புங்கள். அந்துருண்டை போடாதீர்கள், அது பூனைக்கு விஷம்.

இவற்றோடு, விடியலிலும் அந்தியிலும் பூனையை வீட்டுக்குள் வைத்துவிட்டாலே பெரும் ஆபத்து நீங்கும். பறவைகள் மும்முரமாக மேய்வதும் பூனை வேட்டைக்குக் கிளம்புவதும் அந்த வேளைகளில்தான்.

பூனை கவ்விய பறவை கிடைத்தால்

காயம் தெரியாவிட்டாலும் விட்டுவிடாதீர்கள். பூனை எச்சிலில் உள்ள பாஸ்டுரெல்லா பாக்டீரியா, ஊசிமுனைப் பல்தடம் வழியே இறங்கி, ஓரிரு நாளில் பறவையைக் கொன்றுவிடும். காற்றோட்டத் துளையிட்ட அட்டைப்பெட்டியில், இருட்டில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கிவிடும். அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய், பூனை கவ்வியது என்று சொல்லுங்கள். ஆன்டிபயாடிக் தேவைப்படும்.

பூனை தொடாத, இறகு முளைத்த குஞ்சு தரையில் தத்திக்கொண்டிருந்தால் மருத்துவர் வேண்டாம். அருகிலுள்ள புதரின் மேல்கிளையில் வைத்துவிட்டு விலகுங்கள். தாய்ப்பறவை வந்து ஊட்டும். குஞ்சு நன்றாகப் பறக்கும்வரை உங்கள் பூனை வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.